இல்லாத இருமல்

இன்னும் ஒரே ஒரு ஆள். அவள் முடிந்ததும் நான். பூப்போட்ட திரைக்குப் பின்னால் அவளைப் படுக்க வைத்து பார்லர் மெர்லின் அக்கா என்னவோ செய்கிறாள், கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை, அப்புறம் சர்ரக் என்று ஒன்று, உடனே "அய்யோ அம்மா" என்று இன்னொன்று, அப்புறம் மெர்லின் அக்காவின் குரல், "அவ்ளோதான், அவ்ளோதான், முடிஞ்சுது." முடியவில்லை. நான் வந்து உட்கார்ந்ததிலிருந்து இப்படித்தான் முடிந்துகொண்டே இருக்கிறது. கிழிகிற சத்தம் எனக்குப் புதுசில்லை. கல்லூரி முடித்த வருஷத்திலிருந்து திருப்பூரில் பனியன் கம்பெனி செக்கிங்கில்தான் இருக்கிறேன், இப்போது சூப்பர்வைசர், கோகிலவாணி மேடம், அதாவது நான், வருகிறாள் என்றால் டேபிள் முழுக்கப் பேச்சு நிற்கும், கிழிகிற சத்தத்தை வைத்தே துணி என்ன கனம் என்று சொல்லிவிடுவேன். ஆனால் எந்தத் துணியும் கிழியும்போது அம்மாவைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கீழே பேக்கரி. முட்டை பப்ஸ் வாசனை படியேறி வந்து, இங்கே சட்டியில் உருகுகிற மெழுகு வாசனையோடு கலந்து, பசிக்கிறதா குமட்டுகிறதா என்று என் வயிற்றுக்கே விளங்கவில்லை. எதிர்ச் சுவரில், முடி எடுக்க என்னென்ன என்று ஒரு பலகை. ஐப்ரோ, அப்பர் லிப், அண்டர் ஆர்ம்ஸ், ஃபுல் ஹேண்ட்ஸ் என்று வரிசையாக இறங்கி, எல்லாவற்றுக்கும் அடியில், பூத்தொட்டிச் செடி பாதி மறைத்த மாதிரி, பிகினி லைன், ஃபுல் பிகினி, பிரேசிலியன். அந்தச் செடியை வேண்டுமென்றேதான் அங்கே வைத்திருக்கிறாளோ என்னவோ. பிகினி எனக்குத் தெரியாத பொருள் இல்லை. ஒரு சீசன் முழுக்க எங்கள் கம்பெனிக்கு அந்த ஆர்டர் வந்தது, ஆயிரக்கணக்கில் கையில் எடுத்து, விரித்து, திருப்பி, டேப் வைத்து அளந்து, பிசிறு வெட்டி, பாஸ் என்று தள்ளியிருக்கிறேன். செக்கிங் பெண்கள் அதைத் தலைக்குப் பிடித்துப் பார்த்துச் சிரிப்பார்கள், நான் அதட்டுவேன். அத்தனை அளந்தும் ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை, இந்தத் துணி மறைக்காமல் விடுகிற இடத்துக்கு ஒரு லைன் உண்டு, அந்த லைனுக்கு ஒரு பெயரும் ஒரு பலகையும் உண்டு என்று. அதிலும் பிரேசில் என்ன பாவம் செய்தது, ஒரு தேசத்தின் பெயரைக் கொண்டுவந்து இந்த இடத்தில் வைத்திருக்கிறார்களே. எழுந்து போய்விடலாமா. போனால் பேக்கரி வழியாகத்தான் இறங்க வேண்டும், பேக்கரிக்காரர் தம்பியின் சிநேகிதர், ஏறும்போதே "என்னக்கா, கல்யாணப் பொண்ணு, மேக்கப்பா?" என்று கேட்டுவிட்டார். ஏறின முகத்தோடேயே இறங்கினால் என்ன நினைப்பார். உட்கார்ந்திருக்கிறேன்.

பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மாள் முகம் முழுக்க வெள்ளைப் பூச்சோடு சாய்ந்திருக்கிறாள். கண் மட்டும் இரண்டு ஓட்டையில் உருள்கிறது. யாரென்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் நான் யாரென்று அவளுக்குத் தெரிந்திருக்கலாம், அதுதான் பயம். எங்கள் வீதியில் இருக்கிற யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். உதட்டை அசைக்காமல், பல்லுக்குள்ளேயே, "நீங்க என்ன பண்ண வந்தீங்க?" என்று கேட்டாள். "ஐப்ரோங்க" என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள். உண்மைக்குத்தான் வாய் வராது, ஏனென்றால் உண்மைக்கு வார்த்தையே இல்லை. அந்த இடம் என்போம், அங்கே என்போம், கீழே என்போம், ஜீவிதா அதுகூடச் சொல்லாமல் கரண்டியால் காட்டினாள். கேன்டீனில், தயிர் சாதத்துக்கு நடுவில். ஜீவிதா எங்கள் மெர்ச்சண்டைசிங்கில் இருக்கிற பெண், போன தையில் கல்யாணம் ஆனவள், டேபிளில் என்னை மேடம் என்பாள், கேன்டீனில் அக்கா. "அக்கா, கோவப்படாதீங்க, அங்கெல்லாம் கிளீன் பண்ணீட்டீங்களா?" என்றாள். எங்கே என்றேன். கரண்டி டேபிளுக்கு அடியில் போனது. நான் டிபன் பாக்ஸை மூடிவிட்டேன். "இப்பெல்லாம் எல்லாரும் பண்றாங்கக்கா. மாப்பிள்ளை வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ஆனா மனசுக்குள்ள நினைப்பாங்கல்ல?" அந்த மனசுக்குள்ள என்கிற வார்த்தையைச் சொல்லிவிட்டு அவள் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டாள், நான் அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை. பிறகு அவளே பாடம் எடுத்தாள். பிளேடு என்றால் சீக்கிரம், ஆனால் அரிக்கும். க்ரீம் என்றால் வலிக்காது, ஆனால் நாறும். வேக்ஸ் என்றால் வலிக்கும், ஆனால் நாள்பட நிற்கும். லேசர் என்றால் கோயமுத்தூர் போக வேண்டும், ஆறேழு தடவை, அதற்குள் உங்களுக்குக் குழந்தையே பிறந்துவிடும் என்றாள். ட்ரிம்மர் என்று ஒன்று இருக்கிறது என்று கடைசியில் சொன்னாள், நான் எங்கள் டேபிளில் நூல் வெட்டுகிற குட்டி ட்ரிம்மரை நினைத்துக்கொண்டு பதறிப்போனேன். அது இல்லையாம், பேட்டரியில் ஓடுவதாம்.

வருகிற புதன்கிழமை கல்யாணம். நாற்பத்தொன்றில் எனக்கு முதல் கல்யாணம். ஜாதகத்தில் செவ்வாய் என்றார்கள், அப்பாவுக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்தது, தம்பிக்கு முதலில் முடிக்கலாம் என்றார்கள், இப்படியே ஒவ்வொன்றாக வந்து என் வயசு போய்விட்டது. மாப்பிள்ளை உடுமலைப்பேட்டை, பெயர் திருமூர்த்தி, தோட்டத்து மோட்டாருக்கெல்லாம் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக் கொடுக்கிற ஒர்க்ஷாப் வைத்திருக்கிறார். மனைவி தவறி ஏழெட்டு வருஷம் ஆகிறது, குழந்தை இல்லை. நல்ல மனுஷன் என்று எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, தோன்றுவதால்தான் இத்தனை பாடு. பிடிக்காத ஆளாக இருந்தால் முடியாவது மண்ணாவது என்று இருந்திருப்பேன். இதில் கூத்து என்னவென்றால் சாந்தி முகூர்த்தத்துக்கு நேரம் குறித்ததுதான். ஜோசியர் குறித்துக் கொடுத்ததை சித்தப்பா வாசலில் நின்றுகொண்டு போனில் ஒவ்வொருவருக்கும் சொன்னார், அவருக்குக் காது மந்தம், அதனால் எதிராளிக்கும் மந்தம் என்று நினைப்பு. "சாந்தி முகூர்த்தமுங்க! ராத்திரிங்க! ராகு காலமெல்லாம் பார்த்தாச்சுங்க!" இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியைத் தூக்கிய கையோடு நின்றுவிட்டார். பால்காரர் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். அந்த ராத்திரி எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும் என்று எங்கள் வீதிக்கே தெரியும், அதை யாரும் வெட்கம் என்று சொல்லவில்லை. அதற்கு ஒரு முடி எடுக்கிற க்ரீம் வாங்கப் போனால் மட்டும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

போனேன், போகாமல் இல்லை. ஜீவிதா பாடம் எடுத்த மறுநாளே மருந்துக்கடைக்குப் போனேன். யோசித்துதான் முடிவு பண்ணினேன், பிளேடு எனக்கு ஆகாது. பத்தொன்பது வயசில் அப்பாவின் ஷேவிங் செட்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டவள் நான், ஏன் போனேன் என்று இன்றைக்கும் தெரியாது, யாரும் பார்க்கப்போவதில்லை, எந்தக் கல்யாணமும் இல்லை, ஏதோ ஒரு பத்திரிகையில் சுகாதாரம் என்று போட்டிருந்தார்கள். ஒரு வெட்டு, கொஞ்சம் ரத்தம், டெட்டால் போட்டதும் நான் போட்ட சத்தத்துக்கு அம்மா "பல்லியா?" என்று கேட்டாள், ஆமாம் என்றேன். அதெல்லாம் பரவாயில்லை, மூன்றாம் நாள் முளைத்தது பாருங்கள். கல்லூரிக்குப் போகிற டவுன் பஸ்ஸில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, நிற்கவும் முடியாமல் சொறியவும் முடியாமல், ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றேன். பின்னால் இருந்த ஒரு பாட்டிம்மா "பாவம், அவசரமாட்ட இருக்குது, பஸ்ஸை நிறுத்தச் சொல்லுங்கப்பா" என்று கத்தியதும், டிரைவர் நிஜமாகவே நிறுத்தியதும், நான் இறங்கி ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் சும்மா நின்றுவிட்டு வந்து ஏறியதும் யாருக்கும் சொன்னதில்லை. அதனால் க்ரீம். கடையில் நான் போன நேரம் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார், அவர் போகட்டும் என்று நின்றேன், அவர் எனக்கு வழி விட்டு "நீங்க வாங்குங்க" என்றார். கடைக்காரப் பையன் "என்னங்க்கா?" என்றான். வாயைத் திறந்தேன். "இருமல் மருந்து" என்று வந்தது. சரி, முதல் தடவைதானே என்று இரண்டு நாள் கழித்துப் போனேன், இந்த முறை ஆளே இல்லை, கண்ணாடி அலமாரியில் அந்த ரோஸ் டப்பா எனக்கு நேராகவே தெரிகிறது, கையைக்கூட நீட்டிவிட்டேன், அவன் கேட்டான், "இருமல் இன்னும் நிக்கலையாக்கா?" என்ன அக்கறை. நிற்கவில்லை என்றேன். இன்னும் கொஞ்சம் ஸ்ட்ராங்கானது கொடுத்தான். மூன்றாம் முறை நான் ஒன்றும் சொல்லவே இல்லை, படியேறும்போதே அவன் எடுத்து வைத்துவிட்டான்.

வீட்டில் ஃபிரிட்ஜ் மேலே மூன்று பாட்டில் வரிசையாக நின்றதும் தம்பி பார்த்து, "அக்காவுக்கு இருமல் விடவே மாட்டேங்குது" என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டான். அவன் எதையும் மனசில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. அன்றிலிருந்து தினமும் ராத்திரி அவரிடமிருந்து போன். முதல் கேள்வி "இருமல் எப்படிங்க இருக்குது?" நான் வேறு வழியில்லாமல் ஒரு இருமல் இருமிக் காட்டுவேன். ஒருநாள் கொஞ்சம் நன்றாகவே இருமிவிட்டேன் போலிருக்கிறது, மறுநாள் உடுமலை பஸ்ஸில் கண்டக்டர் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பிவிட்டார். பிரித்தால் சித்தரத்தை, மிளகு, ஒரு பாட்டிலில் மலைத்தேன். பொட்டலத்தின் மேலே காயில் சுற்றுகிற செம்புக் கம்பியால் அழகாகக் கட்டியிருந்தது. அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. இல்லாத இருமலுக்கு ஒருவர் இவ்வளவு செய்கிறார், இருக்கிற உடம்பைப் பார்த்துவிட்டு என்ன நினைக்கப்போகிறாரோ. என் உடம்பை யாரும் பார்த்ததில்லை. நானே சரியாகப் பார்த்ததில்லை, எங்கள் வீட்டுக் குளியலறைக் கண்ணாடி மூஞ்சிக்கு மட்டும்தான். அவருக்கு எல்லாம் தெரியும், ஒரு பெண்ணோடு பத்துப் பன்னிரண்டு வருஷம் வாழ்ந்தவர். அந்த அம்மா எப்படி இருந்தாளோ. போட்டோவில் பார்த்தேன், ஒல்லியாக, சிரித்த முகம், கையில் ஒரு ரோமம்கூடத் தெரியவில்லை, போட்டோவில் எப்படித் தெரியும், இருந்தாலும் நான் தேடினேன். தேடுவதுதானே என் வேலை. ஒரு பீஸைக் கையில் எடுத்தால் என் கண் முதலில் பிசிறைத்தான் பார்க்கும், அத்தனை அழகான சட்டையாக இருக்கட்டும், தோளில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தால் அது திருத்துவதற்கு ஆல்டருக்குப் போகும், அழுக்கு இருந்தால் ரிஜெக்ட் மூட்டைக்குப் போகும். இத்தனை வருஷம் எத்தனை பீஸைத் தூக்கிப் போட்டிருப்பேன். இப்போது நான் டேபிள் மேலே ஏறிப் படுத்திருக்கிற மாதிரி இருக்கிறது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிகிறார். தப்பு, தப்பு, அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

பெண் பார்க்க வந்த அன்றைக்கு நான்தான் அவரை அப்படிப் பார்த்தேன். காபி தம்ளரை நீட்டும்போது அவர் தலையைக் குனிந்தார், காது என் கண்ணுக்கு நேரே வந்தது. காதிலிருந்து முடி. ஒன்றிரண்டு இல்லை, தேங்காய்க் குடுமி மாதிரி ஒரு கொத்து, இந்தக் காதில் ஒரு கொத்து, அந்தக் காதில் ஒரு கொத்து. என் வலது கை தானாக ட்ரிம்மர் பிடிக்கிற மாதிரி மடங்கியது, கம்பெனிப் பழக்கம். அத்தை என் முழங்கையை இடித்து, "காதுல முடி இருந்தா யோகக்காரன்டி" என்றாள். யோகமோ இல்லையோ, அதற்கப்புறம் அந்தக் காதை விட்டு என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. அவர் பேசும்போது அது லேசாக ஆடுகிறது. ஃபேன் காற்றில் தனியாக ஒரு முடி மட்டும் படபடக்கிறது. பார்க்கப் பார்க்க, எப்போது என்று தெரியவில்லை, வெட்டத் துடித்த கை தணிந்து, தொட்டுப் பார்க்கலாமா என்று வந்துவிட்டது. நிச்சயதார்த்தத்தில் பக்கத்தில் நிற்க வைத்தபோதும் அதைத்தான் பார்த்தேன். இதையெல்லாம் ஜீவிதாவிடம் சொன்னால் "ஐயே" என்பாள். என்னுடையதையும் அப்படி ஒருவர் நினைக்கக்கூடாதா. சும்மா விட்டுவிட்டால் என்ன. ஜீவிதா சொன்ன பட்டியலில் அது மட்டும் இல்லை, ஆனால் அதுவும் ஒரு முறைதானே, வலிக்காது, நாறாது, அரிக்காது, கோயமுத்தூர் போக வேண்டாம். ஆனால் மனசுக்குள்ள. அந்த மனசுக்குள்ள என்பதுதான் என்னை இந்தப் படி ஏற வைத்தது. சர்ரக். "அய்யோ அம்மா." "அவ்ளோதான் கண்ணு, இதுதான் கடைசி." இது நிஜமாகவே கடைசி போலிருக்கிறது, உள்ளே எழுந்து உட்காருகிற சத்தம், வளையல் சத்தம். நான் பலகையைப் பார்க்கிறேன். பலகை என்னைப் பார்க்கிறது. மெர்லின் அக்கா என்ன வேண்டும் என்று கேட்டால் எதைச் சொல்லுவது, விரலை நீட்டிக் காட்டினால் செடியைக் காட்டுகிற மாதிரி இருக்கும். திரை விலகியது. வெளியே வந்தது ஒரு சின்னப் பெண், இருபத்திரண்டு இருக்கலாம், கண்ணெல்லாம் கலங்கி, காலை அகட்டி, சேற்றில் நடக்கிற மாதிரி நடந்து வந்து, என்னைப் பார்த்துச் சிரித்து, "ஒண்ணும் வலிக்காதுக்கா" என்றாள். அவளுக்கும் பொய் சுலபமாக வருகிறது. "ரெண்டே நிமிஷம், துண்டு மாத்திட்டுக் கூப்பிடறேன்" என்று மெர்லின் அக்கா உள்ளேயிருந்து சொன்னாள். அப்போதுதான் போன் அடித்தது.

திருமூர்த்தி. பகலில் கூப்பிடுகிற ஆளே இல்லை. எடுத்ததும் பழக்க தோஷத்தில் ஒரு இருமல் இருமினேன்.

"இருமல் இன்னும் விடலீங்களா?" குரல் என்னவோ மாதிரி இருந்தது. பின்னால் மோட்டார் சத்தம்கூட இல்லை. "ஒரு விஷயமுங்க. நேர்ல சொல்லணும், ஆனா நேர்ல வர்ற மாதிரி இல்லைங்க, என்ற மூஞ்சி."

வேண்டாம் என்று சொல்லப்போகிறார். புதன்கிழமைக்குப் பந்தல்காரருக்குச் சொல்லியாயிற்று, அது இல்லை, எனக்கு நிஜமாகவே இந்த மனுஷன் வேண்டும், அது இப்போதுதான் இந்த ஆட்டம் கண்ட நாற்காலியில் உட்கார்ந்து எனக்கே தெரிகிறது. "சொல்லுங்க" என்றேன்.

"நிச்சயதார்த்த ஆல்பம் வந்துதுங்க. எல்லாத்துலயும் நீங்க என்ற காதையே பார்த்துட்டு நிக்கிறீங்க. ஒண்ணுல ரெண்டுலன்னா பரவாயில்லைங்க. மாலை போடறப்பவும் காது, மோதிரம் போடறப்பவும் காது. அக்கா பையன் பார்த்துட்டு, மாமா, அவங்களுக்கு உங்க காது முடி பிடிக்கலைன்னு சிரிக்கிறான். எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சுங்க. மருந்துக்கடைக்குப் போய் முடி எடுக்கற க்ரீம் ஒண்ணு வாங்கினேன். வீட்டுல கேட்டாங்கன்னு சொன்னேன். வீட்டுல யாரும் இல்லைன்னு கடைக்காரனுக்குத் தெரியும், என்னை ஒரு பார்வை பார்த்துட்டு, பேப்பர்ல சுத்தி, கறுப்புக் கவர்ல போட்டு, மேல இன்னொரு கவரும் போட்டுக் குடுத்தானுங்க."

"சரிங்க."

"மீசைக்கு டை போட்டா ஊற விடுவோமில்லீங்களா, அந்த மாதிரி நினைச்சு ஊற விட்டுட்டேன். ஒரு மோட்டார் வந்துது, கழட்டிப் பார்த்துட்டு இருந்துட்டேன். அப்புறம் எரியுது. கழுவினா முடியோட வலது பக்கக் கிருதாவும் கூடவே வந்துருச்சுங்க. காது பன்னு மாதிரி வீங்கி, தக்காளியாட்டம் இருக்குது. மீசைக்கு டை போடறதும் உங்களுக்குத் தெரியாது, அதையும் இப்பவே சொல்லிடறேன். கல்யாணத்தன்னிக்கு ஒரு காது பெருசா, ஒரு பக்கம் கிருதா இல்லாம நிப்பேனுங்க. உங்களுக்குச் சங்கடம்னா இப்பவே சொல்லிடுங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன்."

நாற்பத்தெட்டு வயசு ஆள். ரிஜெக்ட் ஆகிவிடுவோமோ என்று அந்தப் பக்கமும் ஒருவர் டேபிள் மேல் ஏறிப் படுத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் இரண்டையும் விட்டேன்.

"அழறீங்களா?"

"இல்லைங்க. ஏனுங்க அதைப் போய் எடுத்தீங்க? பிடிக்காம யாராவது அப்படிப் பார்ப்பாங்களா?"

"பிடிச்சா பார்த்தீங்க?"

"ஆமாங்க." சொல்லிவிட்டேன். இதைச் சொல்ல முடிந்தால் எதையும் சொல்லலாம் என்று எப்படியோ ஒரு தைரியம் வந்தது, வந்த தைரியம் போவதற்குள் மூச்சு விடாமல் சொன்னேன். "எனக்கும் ஒண்ணு சொல்லணுமுங்க. எனக்கு இருமலே கிடையாதுங்க. ஒருநாளும் இருந்ததில்லை."

"அப்ப சித்தரத்தை?"

"ரசத்துல போட்டுட்டோம். நல்லா இருந்துதுங்க. நீங்க வாங்கினீங்களே, அதே க்ரீம் வாங்கத்தான் மூணு தடவை மருந்துக்கடைக்குப் போனேன். கேக்க வாய் வராம மூணு தடவையும் இருமல் மருந்து வாங்கிட்டு வந்துட்டேன். இப்பவும் பார்லர்லதான் உக்காந்திருக்கேன், அதுக்குத்தான்."

"உங்க காதுல ஒண்ணும் இல்லீங்களே" என்றார். நிஜமாகவே யோசித்துத்தான் கேட்டார், அவர் குரலில் தெரிந்தது. அவரும் என் காதைப் பார்த்திருக்கிறார்.

"காதுக்கு இல்லைங்க."

பக்கத்து நாற்காலியில் ஏதோ கிரக் என்றது. திரும்பினால் அந்த அம்மாளின் முகப்பூச்சு கன்னத்திலிருந்து கழுத்து வரைக்கும் விரிசல் விட்டு, துண்டு துண்டாக மடியில் விழுந்துகொண்டிருந்தது. சிரிக்கிறாள். எங்கள் வீதி இல்லை, முன்னே பின்னே பார்த்த முகமே இல்லை. போனில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த மூச்சு நீண்டுகொண்டே போனது, அவருக்கு இப்போது விளங்குகிறது, விளங்கிக்கொண்டிருக்கிறது, விளங்கிவிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அந்தக் க்ரீம் மட்டும் வேண்டாங்க" என்றார் கடைசியில், ரொம்ப மெதுவாக. "காதுக்கே தாங்கலைங்க."

திரையை விலக்கிக்கொண்டு மெர்லின் அக்கா எட்டிப் பார்த்தாள். "அடுத்தது யாரு, நீங்கதானே? என்ன பண்ணணும், சொல்லுங்க."

"ஒரு நிமிஷமுங்க" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனில் கேட்டேன். "காதுல மறுபடி வளர்ந்துடுமில்லீங்க?"

"அது வளராம எங்கீங்க போகும்."

போனை வைத்தேன். பலகையில் செடிக்குப் பின்னால் அந்த மூன்று வரியும் அப்படியே இருந்தது, பிரேசில் உட்பட. "ஐப்ரோ மட்டும் போதுங்க்கா" என்றேன். இந்தத் தடவை அது பொய்யில்லை.